தண்டுவடக் காயத்துக்குப் பிறகு மூச்சுக்கு மின்தூண்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களும், கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். இங்கே ‘பேஸர்’ என்றால் உதரவிதானத்தை இயக்கும் கருவி. இதயத்துக்கு வைப்பதை ‘பேஸ்மேக்கர்’ என்று முழுப்பெயரில் சொல்கிறோம். எண்கள் எல்லாம் மருத்துவக் குழுவோடு பேசும்போது புரிந்துகொள்வதற்காக. கருவியை நீங்களே திருகிப் பார்ப்பதற்காக அல்ல.

1. அடி கழுத்துலதான். நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகலைங்கறாங்க. அப்புறம் ஏன் மூச்சு விட முடியல?

நுரையீரல் தானாக விரியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல இருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது. அந்தத் தசையை இயக்குவது ஃபிரெனிக் நரம்பு, இடம் வலம் என்று இரண்டு. தண்டுவடத்தின் சி3, சி4, சி5 பகுதிகளில் இருந்து அவை புறப்படுகின்றன (சி என்றால் கழுத்துப் பகுதி, எண் மேலிருந்து கீழாக).

மூச்சுக்கான உத்தரவு மூளைத்தண்டில் பிறந்து, தண்டுவடம் வழியாக இந்தப் பகுதிக்கு இறங்கி வரவேண்டும். சி1, சி2 மட்டத்தில் பாதை அறுந்தால் உத்தரவு மேலேயே நின்றுவிடும். கீழே நரம்பும் தசையும் நுரையீரலும் நன்றாக இருக்கும். சொல்ல ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

2. கரண்ட் குடுத்தா மூச்சு எப்படி வரும்?

மேலிருந்து வராத உத்தரவுக்குப் பதிலாக, சிறுசிறு மின்துடிப்புகளை ஃபிரெனிக் நரம்புக்கு நேரடியாகக் கொடுக்கிறோம். சுமார் ஒரு விநாடி துடிப்பு போனால் உதரவிதானம் இறங்கும், மூச்சு உள்ளே வரும். துடிப்பு நின்றதும் தசை தளரும், காற்று தானாக வெளியேறும். நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று கருவியில் வைத்துவிடுவார்கள்.

வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிறது. பேஸர் உடம்பையே காற்றை இழுக்க வைக்கிறது, நாம் எல்லோரும் மூச்சு விடுவதைப் போலவே. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பின்னால் வரும் நன்மைகளும் தொல்லைகளும் பாதிக்கு மேல் கிளம்புகின்றன.

இது நேற்று வந்த சங்கதி அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் 1960-களிலேயே இதில் இறங்கிவிட்டார். கைகால் செயலிழந்த ஒருவருக்கு முழுநேர மூச்சையும் இப்படியே கொடுத்ததை 1972-ல் வெளியிட்டார்.

3. எங்க அப்பாவுக்கு சி4-ல அடி. சி2-ல அடிபட்டவருக்கே வேலை செய்யுதுன்னா, இவருக்கு இன்னும் நல்லா வேலை செய்யணுமே?

இயல்பாக வரும் சந்தேகம், ஆனால் நிலைமை தலைகீழ். சி2-வில் அடிபட்டால் ஃபிரெனிக் நரம்பின் வேரான நரம்பணுக்கள் (சி3–சி5) காயத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கும். சி4-ல் அடிபட்டால் அந்த நரம்பணுக்களே நசுங்கியிருக்கலாம். வேர் செத்தால் நரம்பும் சில வாரங்களில் செத்துவிடும். செத்த நரம்பு எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் அசையாது.

அதற்காக சி3, சி4 என்று கேட்டதுமே கைவிடவும் வேண்டாம். மூன்று வேர்களில் ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் பிழைத்திருக்கலாம். ஸ்கேனில் எழுதியிருக்கும் மட்டத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. நரம்பைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

4. நரம்பு உயிரோட இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

கழுத்தின் பக்கவாட்டுத் தசைக்குப் பின்விளிம்பில் தோலின் மேல் ஒரு சிறு மின்துடிப்பு கொடுப்பார்கள். விலாவின் கீழ்ப்பகுதியில் ஒட்டிய மின்முனைகள் உதரவிதானத்தின் பதிலைப் பதிவுசெய்யும். பெரியவர்களில் பதில் வர ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிவிநாடி ஆகும். தாமதமாக வந்தாலோ அலை மிகச் சிறியதாக இருந்தாலோ நரம்பு பாதி பழுது. கூடவே அல்ட்ராசவுண்டிலோ நகரும் எக்ஸ்-ரேயிலோ தசை உண்மையிலேயே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக.

பதில் வரவில்லை என்றால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். பருத்த கழுத்து, கழுத்தைப் பிடித்திருக்கும் காலர், துடிப்பு சரியான இடத்தில் படாதது போன்ற காரணங்களாலும் நல்ல நரம்பு பதில் சொல்லாமல் போகும். இன்னொரு நாள், இதில் பழகிய வேறொருவர் கையில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது தவறே இல்லை. வயிற்றில் சிறு துளை வழியாக லேப்ராஸ்கோப் (கேமரா வைத்த குழாய்) வைத்துத் தசையை நேரடியாகத் தூண்டிப் பார்க்கும் வழியும் உண்டு.

5. நரம்புல வைக்கிறது, தசையில வைக்கிறதுன்னு ரெண்டு சொல்றாங்க. எது நல்லது?

முதல் முறையில் கழுத்திலோ நெஞ்சிலோ திறந்து ஃபிரெனிக் நரம்பை ஒட்டி மின்முனை வைப்பார்கள். தோலுக்கடியில் ஒரு சிறு ரிசீவர் இருக்கும். அதற்கு நேர் மேலே தோலில் வளையம்போன்ற ஆன்டெனாவை ஒட்டவேண்டும். வெளியிலிருக்கும் பெட்டி ரேடியோ அலை வழியாகச் சக்தியை உள்ளே அனுப்பும். தோலில் ஓட்டை இல்லை, குளிப்பது எளிது. ஆனால் அறுவையின்போது நரம்பே அடிபடும் ஆபத்து சிறிதளவு உண்டு. வீட்டில் அதிகம் தகராறு செய்வது ஆன்டெனா. வியர்வையில் நகர்ந்தால் மூச்சின் அளவு குறையும், வயர் உள்ளுக்குள் முறிந்தால் அந்தப் பக்கம் நின்றே போகும். கூடுதல் ஆன்டெனா கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டாவது முறையில் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, உதரவிதானத்தின் அடிப்பக்கத்தில் நரம்பு தசைக்குள் நுழையும் இடத்தைத் தேடிப்பிடித்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு மின்முனைகளைத் தசையிலேயே பதிப்பார்கள். வயர்கள் தோல் வழியாக வெளியே வந்து பெட்டியில் சேரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-ல் தண்டுவடக் காயத்துக்கு அனுமதித்த கருவி இந்த வகை. நரம்பைத் தொடுவதில்லை, ஒரு வயர் போனாலும் மற்றவை வேலை செய்யும். வயர் வெளிவரும் இடத்தில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும், படுக்கையில் திருப்பும்போது வயர் மாட்டி இழுபடாமல் பார்ப்பதும் தினசரி வேலையாகிவிடும்.

இரண்டுக்கும் உயிருள்ள நரம்பு வேண்டும் (3-ஆம் கேள்வி). ‘தசையில்தானே வைக்கிறார்கள், நரம்பு செத்திருந்தால் என்ன’ என்று பலர் நினைக்கிறார்கள். தசைக்குள் வைத்தாலும் தூண்டப்படுவது அங்கே கிளைவிடும் நரம்புதான். எது நல்லது என்பதற்கு எங்கள் பதில்: உங்கள் அறுவை மருத்துவர் எதை அதிகம் செய்திருக்கிறாரோ, கருவி பழுதானால் எதற்கு உங்களுக்கு விரைவாக உதிரி கிடைக்குமோ, அது.

6. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே வென்டிலேட்டரைக் கழட்டிடலாமா?

முடியாது. வேலையில்லாத உதரவிதானம் மிக வேகமாக மெலியும். 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே வென்டிலேட்டரில் அசையாமல் இருந்த உதரவிதானங்களில், தசைநார்களின் பருமன் பாதிக்கும் மேல் குறைந்திருந்ததை 2008-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதோடு, களைக்காமல் உழைக்கும் மெதுநார்களின் குணமும் தசையில் குறைந்துபோகும். மாதக்கணக்கில் படுத்திருந்தவரை முதல் நாளே மலையேறச் சொல்ல முடியுமா?

தசையில் மின்முனை வைத்தால் சில நாட்களிலேயே பயிற்சி தொடங்கலாம். நரம்பில் வைத்தால் வீக்கம் வற்ற இரண்டு வாரம்போல விடுவது வழக்கம். முதலில் ஒரு வேளைக்கு 10, 15 நிமிடம், ஒரு நாளில் சில வேளை. இடையில் வென்டிலேட்டரில் ஓய்வு. தாங்கினால் ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கூட்டுவார்கள். மூச்சின் அளவு இறங்கிக்கொண்டே வந்தாலோ, ஆக்ஸிஜன் குறைந்தாலோ, கார்பன் டை ஆக்சைடு ஏறினாலோ அன்றைக்கு அது போதும். பகல் முழுவதும் தாங்கிய பிறகே தூக்கத்தில் முயல்வார்கள். சிலருக்கு வாரங்கள், பலருக்கு மாதங்கள். தினம் கொஞ்சம் என்பதுதான் பலன் தரும். நான்கு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் நான்கு மணி நேரம் ஓட்டினால் தசை களைத்துப்போவதுதான் மிச்சம்.

7. பெட்டியில இருக்கற நம்பர் எல்லாம் என்ன? கூட்டிவெச்சா நல்லா மூச்சு வருமா?

தசை வகைக் கருவியில் பொதுவாகக் காணும் அளவுகள்: மின்னோட்டம் 5 முதல் 25 மில்லிஆம்பியர்; ஒவ்வொரு துடிப்பின் நீளம் 20 முதல் 200 மைக்ரோவிநாடி; துடிப்பு வேகம் 5 முதல் 20 ஹெர்ட்ஸ்; மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 18; மூச்சிழுக்கும் நேரம் ஒரு விநாடியை ஒட்டி. இலக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 7 மில்லிலிட்டர் காற்று. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 முதல் 420 மில்லி.

மின்னோட்டத்தை ஏற்றும்போது ஒரு கட்டம்வரை மூச்சு பெரிதாகும், பிறகு நின்றுவிடும். அதற்குமேல் ஏற்றினால் மூச்சு கூடாது, வலியும் பக்கத்துத் தசைத் துடிப்பும்தான் கூடும். துடிப்பு வேகத்தை ஏற்றினால் அப்போதைக்கு மூச்சு பெரிதாகத் தெரியும், ஆனால் தசை சீக்கிரம் களைக்கும். நீண்டகாலத்துக்கு, தசை உதறாமல் சீராக இறங்கும் மிகக் குறைந்த வேகமே நல்லது. உணர்வு ஓரளவு மீந்திருப்பவருக்குத் தோளில் வலி வந்தால் ‘தோளுக்கும் இதற்கும் என்ன’ என்று தள்ளிவிடாதீர்கள். உதரவிதானத்தின் வலி தோளில்தான் தெரியும், இரண்டுக்கும் ஒரே வேர்கள்.

8. ஆக்ஸிஜன் 97 காட்டுது, மூச்சளவும் சரியா இருக்கு. ஆனா மூச்சு முட்டுதுன்னு சொல்றாரு. பயமா?

பயமாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் கார்பன் டை ஆக்சைடைப் பாருங்கள். தண்டுவடக் காயக்காரர்களுக்கு வென்டிலேட்டரில் பெரிய மூச்சாக, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிவரை வைப்பது பல இடங்களில் வழக்கம். அதில் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு 30 பாதரச மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இறங்கியே பழகியிருக்கும். சிறுநீரகமும் அதற்கேற்ப ரத்தத்தின் பைகார்பனேட்டைக் குறைத்து வைத்திருக்கும். பேஸரில் அது 40-க்கு வந்தால் உங்களுக்கும் எனக்கும் அது இயல்பு, அவருக்கோ மூச்சுமுட்டல்.

பயிற்சிக்கு முன்பே, வென்டிலேட்டரின் மூச்சளவைப் படிப்படியாகக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடை 35–45 பாதரச மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இன்னொன்று: பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது. ஆக்ஸிஜன் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், 97 என்ற எண் பெருத்த ஏமாற்று.

9. படுத்தா நல்லா இருக்காரு, வீல்சேர்ல உக்காந்தா மூச்சு குறையுது. மெஷின் கோளாறா?

கருவி சரிதான். படுத்திருக்கும்போது குடல் உதரவிதானத்தை மேலே தள்ளிக் குடைபோல வளைத்து வைக்கும். அந்த வளைவிலிருந்து இறங்க நிறைய இடமிருக்கும். உட்கார்ந்தால், இறுக்கம் இழந்த வயிறு முன்னால் சரிந்து, தசை ஏற்கெனவே பாதி இறங்கிய நிலைக்கு வந்துவிடும். வயிற்றுப் பட்டையை உட்காரும் முன், படுத்த நிலையிலேயே கட்டுங்கள். மேல்விளிம்பு விலாக்களை அமுக்கக் கூடாது. பல கருவிகளில் உட்கார்வதற்குத் தனி அமைப்பைச் சேமித்து வைக்கவும் முடியும்.

10. தொண்டை ஓட்டையை மூடிடலாமா? பேச முடியுமா?

ட்ரக்கியாஸ்டமியை மூடும் அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் நாம் மூச்சிழுக்கும்போது, மூளை முதலில் தொண்டைத் தசைகளை விறைப்பாக்கி வழியைத் திறந்துவைத்த பிறகே உதரவிதானத்தை இழுக்கிறது. பேஸருக்கு அந்த ஒழுங்கு தெரியாது. தூக்கத்தில் தளர்ந்திருக்கும் தொண்டை, திடீர் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பலர் பகலில் குழாயை மூடி, இரவில் திறந்துவைக்கிறார்கள். சளியை எடுக்கவும் அவசரத்தில் வென்டிலேட்டரைப் பூட்டவும் அந்த வழி தேவைப்படும். நிரந்தரமாக மூடுவதற்கு முன் தூக்கப் பரிசோதனை அவசியம்.

பேசலாம். ஒருவழி வால்வு போட்டால் குழாய் வழியாக உள்ளே வரும் காற்று குரல்வளை வழியாக வெளியேறும். குழாயின் கஃப் (குழாயைச் சுற்றி மூச்சுவழியை அடைக்கும் சிறு காற்றுப்பை) காற்றடைத்து இருக்கும்போது வால்வைப் போடவே கூடாது. உள்ளே போன காற்று வெளியேற வழியில்லாமல் நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகும். காற்றை மூக்கு வழியாக இழுக்கத் தொடங்கியதும் மணமும் ருசியும் திரும்புவதுண்டு. 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து, 2003-ல் கிளீவ்லாந்தில் இந்தக் கருவி பொருத்திக்கொண்ட நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் முதலில் மகிழ்ந்து சொன்னவற்றில் மணம் திரும்பியதும் ஒன்று.

11. பேஸர் வெச்சும் சளி ஏன் கட்டுது?

பேஸர் மூச்சை இழுக்கத்தான் உதவும். இருமுவதற்கு வயிற்றுத் தசைகள் வேண்டும், அவற்றின் நரம்புகள் தண்டுவடத்தில் டி6 முதல் எல்1 வரை (டி நெஞ்சுப்பகுதி, எல் இடுப்புப்பகுதி) உள்ள பகுதியிலிருந்து வருகின்றன. கழுத்தில் அடிபட்டவருக்கு அவை முழுவதும் உத்தரவு இழந்தவை. சி6-ல் அடிபட்டு வென்டிலேட்டரே தேவைப்படாதவர்கூட நிமோனியாவில் விழுவது இதனால்தான்.

இருமலின் வேகத்தை ஒரு சிறு ஊதுமானியில் அளக்கலாம். நிமிடத்துக்கு 160 லிட்டருக்குக் கீழே என்றால் சளி நகராது. 270-க்குக் கீழே என்றால், சாதாரண நாளில் சமாளிப்பவர் ஜலதோஷம் பிடித்தால் மாட்டிக்கொள்வார். பேஸர் இருந்தாலும் கையால் வயிற்றை அமுக்கி இருமவைப்பது, இருமல் இயந்திரம், சக்ஷன் (குழாயால் சளியை உறிஞ்சி எடுப்பது) எதையும் நிறுத்தாதீர்கள்.

12. வயித்துல பேட் ஒட்டி கரண்ட் குடுத்து இரும வைக்கலாம்னாங்க. எப்படிச் செய்வாங்க?

இதற்கு அறுவை வேண்டாம். இடுப்பெலும்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவே, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, இருபுறமும் ஒவ்வொரு ஜோடி பெரிய ஒட்டுமின்முனை. துடிப்பு வேகம் 30 முதல் 50 ஹெர்ட்ஸ், துடிப்பு நீளம் 200 முதல் 400 மைக்ரோவிநாடி என்ற அளவில் வைத்து, வயிறு கண்ணுக்குத் தெரிய இறுகும்வரை மின்னோட்டத்தை மெல்ல ஏற்றுவார்கள். முழு மூச்சு உள்ளே போனதும், காற்று வெளியேறத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்: மூச்சிழுக்கும்போதே வயிறு இறுகினால் உதரவிதானம் இறங்க முடியாமல் முட்டிக்கொள்ளும். மூச்சை உணர்ந்து தானாகத் தூண்டும் கருவிகளும் உண்டு. தசையைப் பலப்படுத்துவதற்கு என்றால் நாளைக்கு 20–30 நிமிடம், வாரம் ஐந்து நாள், பல வாரங்கள்.

உணர்வில்லாத தோல் சுட்டாலும் சொல்லாது. காய்ந்த ஒட்டுமின்முனையில் கரண்ட் ஒரே மூலையில் குவிந்து புண்ணாக்கும். ஒவ்வொரு தடவையும் எடுத்தபின் தோலைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அந்த இடத்துக்கு ஓய்வு. கர்ப்பம், இதயப் பேஸ்மேக்கர், புதிய வயிற்று அறுவை, அந்த இடத்தில் புண் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இதையே முதுகெலும்புக்குள் மின்முனை பதித்துச் செய்யும் வழியை கிளீவ்லாந்தில் ஆந்தனி டிமார்க்கோ குழு உருவாக்கியது. இருமல் நன்றாகவே பலமாகிறது, ஆனால் அது முதுகு அறுவை.

13. வீட்டுல வலிக்கு வாங்கின டென்ஸ் மெஷின் இருக்கு. அதையே வெச்சுக்கலாமா?

வேண்டாம். அது தோலின் உணர்வு நரம்புகளைக் கிளறுவதற்கானது, தசையை மூச்சோடு சேர்த்து முழுதாகச் சுருக்குவதற்கு அல்ல. கழுத்தின் முன்புறத்தில் ஒட்டிப் பார்ப்பது அதைவிட மோசம்: அங்கே குரல்வளையும், ரத்த அழுத்தத்தையும் நாடியையும் கட்டுப்படுத்தும் நரம்புகளும் இருக்கின்றன.

14. கரண்ட் குடுத்ததும் மண்டை வெடிக்கிற மாதிரி வலி, முகமெல்லாம் செவந்து வேர்க்குது. ஏன்?

டி6-க்கும் மேலே அடிபட்டவருக்கு வரும் தன்னியக்க மிகைப்பாடு இது. காயத்துக்குக் கீழே ஏற்படும் எந்த உறுத்தலும் ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றலாம். இவர்களுடைய இயல்பான மேல் அழுத்தமே 90–110 தான், அதனால் 140 என்று காட்டினாலும் ‘நார்மல்தானே’ என்று விடக்கூடாது. வழக்கத்தைவிட 20 முதல் 40 கூடினாலே அவசரம்.

உடனே மின்தூண்டலை நிறுத்துங்கள் (வயிற்றுத் தூண்டலை. மூச்சு பேஸரை நம்பியிருந்தால் முதலில் வென்டிலேட்டரோ, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையோ). நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். வயிற்றுப் பட்டை, பெல்ட், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், மிகப் பெரும்பாலும் குற்றவாளி அதுதான், கரண்ட் அல்ல. அடுத்தது மலச்சிக்கல். சில நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பாருங்கள். இறங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை.

15. ராத்திரி தூங்கும்போது மெஷின் நின்னுட்டா?

இந்தக் கேள்விக்குப் பதில் தயாராகும்வரை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. பல பெட்டிகளின் அலாரம் பேட்டரியையும் வயரையும்தான் கவனிக்கிறது, மூச்சு உண்மையில் போகிறதா என்பதை அல்ல. தொண்டை அடைத்திருந்தாலும் பெட்டி பச்சை விளக்கோடு துடித்துக்கொண்டிருக்கும். அதனால் அலாரம் வைத்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர், தலைமாட்டில் ஆம்பு பை, மின்சாரம் ஏற்றிய வென்டிலேட்டர், கூடுதல் பேட்டரி, ஆன்டெனா அல்லது வயர், இவற்றோடு ஆம்பு பையைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர். நின்றுவிட்டால் முதலில் மூச்சு கொடுங்கள், பிறகு கருவியைப் பாருங்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் பெட்டியைத்தான் குடைகிறார்கள்.

16. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பெரும்பாலான பேஸர்களுக்குக் கூடாது. வைப்பதற்கு முன்பே தேவையான எம்.ஆர்.ஐ.-யை எடுத்துவிடுங்கள். கருவியின் பெயரும் மாதிரியும் எழுதிய அட்டை அவர் மேலேயே இருக்கட்டும். பிசியோதெரபியில் மின்அலையால் உடம்புக்குள் சூடேற்றும் டயாதெர்மி அறவே கூடாது. இதயப் பேஸ்மேக்கரும் இருந்தால், ஒன்று மற்றதன் துடிப்பை இதயத்துடிப்பாக எடுத்துக்கொள்கிறதா என்று இரண்டையும் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும்.

17. ஏ.எல்.எஸ். வந்த உறவினருக்கும் இதை வைக்கலாமா? அவருக்கும் மூச்சுத்தான் பிரச்சினை.

அது வேறு கதை. ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சாகும் நோய்; அதில் சாவது ஃபிரெனிக் நரம்பணுவே. பிரிட்டனில் நடந்த டிபால்ஸ் சோதனையின் முடிவு 2015-ல் வந்தது: முகமூடி வென்டிலேட்டரோடு பேஸரும் வைத்தவர்களின் இடைநிலை வாழ்காலம் 11 மாதம், முகமூடி மட்டும் வைத்தவர்களுக்கு 22.5 மாதம். தண்டுவடக் காயத்தில் கிடைக்கும் பலனைக் காட்டி அவர்களுக்கு நம்பிக்கை கொடுப்பது தவறு.

18. நரம்பு செத்துடுச்சுன்னு சொல்லிட்டாங்க. வேற வழியே இல்லையா?

விலா இடை நரம்பு ஒன்றை எடுத்து ஃபிரெனிக் நரம்போடு தைத்து, அதில் பேஸர் வைக்கும் அறுவை உண்டு. சி3–சி5 பழுதாகி, நெஞ்சுப்பகுதித் தண்டுவடம் நன்றாக இருப்பவருக்கே பொருந்தும். நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்போல வளரும். தைத்த இடத்திலிருந்து உதரவிதானத்தை எட்டவே மாதக்கணக்கு, அதன்பிறகுதான் 6-ஆம் கேள்வியில் சொன்ன பயிற்சி தொடங்கும். செத்த நரம்பின் தசை நாளாக ஆக நாராகிவிடும் என்பதால் இதை யோசிப்பவர்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.